மலையேற்றக் கயிற்றின் நுனி பிசிறாமல் காப்பது எப்படி?

பிசிறடித்த நுனி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். வெளிப்புறத்து வண்ண நூல்கள் குஞ்சம்போல விரிந்து தொங்கும். நடுவே வெள்ளை வெளேரென்று முறுக்கிய புரிகள் ஆளுக்கொரு திசையில் தலைநீட்டும். பாறையேற்றத்துக்கான கெர்ன்மாண்டில் கயிறு இந்த இரண்டும் சேர்ந்ததுதான். சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்புரி. அதை உராய்விலிருந்து காப்பது பின்னல் உறை. பெரும்பாலான கயிறுகளில் இவை ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை அல்ல. பின்னலின் இறுக்கத்தால் உறை உள்புரியைக் கவ்விக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அறுத்த இடத்தில் அந்தக் கவ்வல் தளர்கிறது. பிறகு ஒவ்வொரு முறை முடிச்சு போடும்போதும், பாறையில் பதித்த வளையத்தில் இழுக்கும்போதும் உறை ஒரு பக்கமும் உள்புரி இன்னொரு பக்கமுமாக நகர்கின்றன.

லைட்டரைக் காட்டி உருக்கியதோடு விட்ட நுனிகள் ஏன் சீக்கிரமே மறுபடி வாய்பிளக்கின்றன என்பதற்கும் இதுவே விடை. உருக்கினால் கிடைப்பது நுனிமுகத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் வில்லை ஒன்று. அதற்குப் பின்னால் உறையும் உள்புரியும் பழையபடி தனித்தனியாகத்தான் கிடக்கின்றன. பாறையில் மோதி, பைக்குள் மடங்கி, அந்த வில்லையில் ஒரு விரிசல் விழுந்தால் போதும். உருக்குவது முதல் படி. கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் உறையையும் உள்புரியையும் சேர்த்துப் பூட்டினால்தான் நுனி நிலைக்கும்.

பிசிறிய நுனியால் கயிற்றின் வலிமை உடனே குறைந்துவிடாது. ஏறுபவர் இடுப்புப் பட்டையில் போடும் எட்டு வடிவ முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் சுமை தாங்குவதில்லை. தொல்லை வேறு இடங்களில் வருகிறது. குஞ்சமாகிப்போன நுனி பிலே கருவியின் (ஏறுபவரைக் காக்கக் கயிற்றைப் பிடித்துக் கொடுக்கும் கருவி) துளைக்குள் நுழையாது. இறங்கி முடித்துக் கயிற்றை உருவும்போது மேலே வளையத்திலோ பாறைப் பிளவிலோ சிக்கும். அங்கே போய் எடுத்துவர அப்போது யாரும் மேலே இருக்க மாட்டார்கள். உருக்கி உருக்கிக் காளான்போலத் தடித்த நுனி பிசிறைவிட மோசம். பிளவில் ஆப்புபோல இறுகிக்கொள்ளும். ஆகவே நுனிக்கு என்ன செய்தாலும் அது கயிற்றின் விட்டத்தைவிட ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பருக்கக் கூடாது. செய்வதெல்லாம் கடைசி 4 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். முடிச்சின் வால் குறைந்தது கயிற்று விட்டத்தைப்போல் பத்து மடங்கு, அதாவது 10 மி.மீ. கயிற்றுக்கு 10 செ.மீ., இருக்க வேண்டும் என்பதால் இந்த 4 செ.மீ. எப்போதும் சுமைக்கு வெளியேதான் இருக்கும். ஊசி குத்தலாம், பசை தடவலாம். அதற்கு மேலே ஒரு துளைகூடக் கூடாது.

வெட்டுவதற்கு முன்னால்

முதலில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கயிற்றை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உறையை நுனிப் பக்கமாக அழுத்தித் தள்ளுங்கள். உறை மட்டும் தனியே நகர்ந்தால் பூட்டு விட்டுப்போயிருக்கிறது. நுனி காலியான சாக்ஸ்போல தொளதொளவென்று மடிந்தால் உறை உள்புரியைத் தாண்டி ஓடியிருக்கிறது. உள்புரி வெளியே துருத்தினால் உறை பின்வாங்கியிருக்கிறது. இரண்டிலும் கெட்டியான இடம் வரும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். காலி உறையை உருக்கி மூடுவது கண்துடைப்பு.

வெட்டும் முன் உறையை நீவி விடுவது நல்லது. கயிற்றின் நடுவிலிருந்து நுனி வரை பிலே கருவி வழியாக நாலைந்து முறை மெதுவாக இழுங்கள். தேங்கி நிற்கும் தளர்ந்த உறை நுனிக்கு வந்து சேரும். இரு பாதியையும் இப்படி நீவியபின் வெட்டினால், வெட்டிய மறுவாரமே மறுபடி சாக்ஸ் தொங்குவது தவிர்க்கப்படும். குகைக்கும் பள்ளத்தாக்கு இறக்கத்துக்கும் பயன்படும் குறைநீட்சிக் கயிறாக இருந்தால், புதிதாக வாங்கியதும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திய பிறகுதான் அளந்து வெட்ட வேண்டும். முதல் நனைவில் அது சுருங்கும். முதலிலேயே நுனியைப் பூட்டிவிட்டு நனைத்தால் உறையும் உள்புரியும் வெவ்வேறு அளவில் சுருங்கிப் பூட்டையே இழுக்கும்.

அடுத்தது பலரும் கோட்டைவிடும் இடம். சரிபாதியைக் காட்டும் நடுக்குறி உள்ள கயிற்றில் ஒரு நுனியில் எவ்வளவு வெட்டுகிறீர்களோ அதே அளவு மறு நுனியிலும் வெட்டுங்கள், அந்த நுனி நன்றாக இருந்தாலும் சரி. 60 மீட்டர் கயிற்றில் ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டர் வெட்டினால் குறியிலிருந்து ஒரு பக்கம் 30, மறு பக்கம் 28. குறியை நம்பி வளையத்தில் மாட்டி இறங்குகிறவருக்கு ஒரு தலைப்பு தரைக்கு 2 மீட்டர் மேலேயே முடிந்துவிடும். நல்ல கயிற்றை வீணாக்க மனம் வரவில்லையென்றால் பழைய குறியை மறைத்துப் புதிய நடுவில் குறி வையுங்கள். இரண்டு குறிகளோடு அலையும் கயிறு குறியே இல்லாத கயிற்றைவிட ஆபத்தானது.

வெட்டுதல்

தேவையானவை: 2 செ.மீ. அகலக் காகித மாஸ்கிங் டேப், சூட்டுக்கத்தி, வெட்டுப் பலகை, ஈரத்துணி, தோல் கையுறை. மின்சாரச் சூட்டுக்கத்தி இல்லையென்றால் பழைய கத்தியொன்றின் அலகைக் கேஸ் டார்ச்சில் செக்கச்செவேலென ஆகும்வரை காய்ச்சியும் வெட்டலாம். அந்தக் கத்தி அதன் பிறகு வேறெதற்கும் உதவாது. கையுறை நைலானாக இருக்கக் கூடாது. சொட்டும் உருகல் அதோடு சேர்ந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். உருகிய நைலான் ஒட்டினால் உதறி விழாது, ஆழமாகச் சுட்டுவிடும்.

கயிறு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி உருகலில் கொப்புளம் விழும். அந்தக் கொப்புளத்தில்தான் பிற்பாடு உடையும்.

வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கமாக இரண்டு சுற்று சுற்றி, நடுவில் ஒரு கோடு போடுங்கள். மின்சார வேலைக்கான பிவிசி டேப் வேண்டாம், சூட்டில் இளகி நச்சுப் புகை விடும். காய்ந்த கத்தியைக் கோட்டில் நேர்குத்தாக வைத்து, ரம்பம்போல் அறுக்காமல், சீரான அழுத்தத்தில் இறக்குங்கள். நைலான் 6 உருகுவது சுமார் 220 டிகிரி செல்சியஸில். கத்தி அந்தச் சூட்டைக் கயிற்றுக்குக் கொடுக்கக் கொஞ்சம் அவகாசம் தேவை. அவசரப்பட்டு இழுத்தால் உறை உருகி, உள்புரி உருகாமல் அறுந்து வரும். கத்தி பாதியில் திணறினால் எடுத்துத் திரும்பக் காய்ச்சிவிட்டுத் தொடருங்கள். ஜன்னல் திறந்த அறையிலோ வெளியிலோ செய்யுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

வெட்டியதும் முகத்தைப் பாருங்கள். தட்டையாக, ஒரே நிறமாக, இடையில் பொத்தல் இல்லாமல் இருந்தால் போதும். உருகாத இழைகள் தென்பட்டால் நீலச் சுடரின் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கயிற்றை உருட்டியபடியே காட்டுங்கள். சுடருக்குள் நுழைக்க வேண்டாம். மஞ்சள் சுடர் புகைக்கரி படியச் செய்யும். தீப்பிடித்தால் ஊதி அணையுங்கள். நுனி பழுப்பாகிக் கறுத்துவிட்டால் நைலான் கருகிவிட்டது, அது விரலால் நெரித்தாலே உதிரும். அந்த அரை சென்டிமீட்டரை வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

இளகியிருக்கும்போதே ஈரமாக்கிய கரண்டியின் பின்புறத்தால் ஓரங்களை உள்பக்கமாக அழுத்தினால் விட்டம் பருக்காது. விரலால் அழுத்தும் வீர விளையாட்டு வேண்டாம். முழுதாக ஆறியதும் ஓரத்தைத் தடவினால் பிளேடுபோல் ஒரு விளிம்பு தட்டுப்படும். அதை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடியுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டால் முடிச்சு போடும்போதெல்லாம் விரல்தான் கிழியும்.

தைத்துச் சுற்றுதல்

நுனிக்கான வைத்தியங்களில் இதை மிஞ்சியது இல்லை. பாய்க்கப்பல்காரர்கள் கண்ட முறை. அவர்கள் முப்புரிக் கயிற்றில் புரிகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் நூலை ஓட்டினார்கள். பின்னல் கயிற்றில் அந்தப் பள்ளம் இல்லாததால் நாம் கயிற்றைச் சுற்றி மூன்று இடங்களைச் சம தூரத்தில் தேர்ந்துகொள்கிறோம். ஊசி உறையையும் உள்புரியையும் துளைத்துப் போவதால் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. நூலை வெறுமனே சுற்றுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

0.8 மி.மீ. கனமுள்ள மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல் எடுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். 10 மி.மீ. கயிற்றுக்கு 20 சுற்று வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் என்றால் சுற்றுக்கு மட்டும் 70 செ.மீ.; தையலுக்கும் கைப்பிடிக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் நூல் தீர்ந்தால் ஒட்டுப்போட வழியில்லை, பிரித்துவிட்டு முதலிலிருந்துதான். ஊசி கோணூசி போலத் தடித்ததாக, ஆனால் நூல் நுழையும் அளவைவிடப் பெரிதாக இல்லாமல் இருக்கட்டும். அதைத் தள்ளவும் இழுக்கவும் ஒரு குறடு வேண்டும்.

வெட்டிய நுனியில் மாஸ்கிங் டேப்பின் பாதி, ஒரு சென்டிமீட்டர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காதீர்கள்; வேலை முடியும்வரை அது கயிற்றைப் பிடித்திருக்கட்டும்.

நுனியிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி ஊசியைக் கயிற்றின் நட்டநடுவே குத்தி மறுபக்கம் எடுங்கள். நூலின் வாலில் 4 செ.மீ. விட்டுவிட்டு, அதே இடத்தில் குறுக்குவாட்டில் இன்னொரு முறை குத்தி இழுங்கள். நூல் இப்போது உள்புரியில் மாட்டிக்கொண்டது, இழுத்தால் வராது. விட்ட வாலை நுனிப் பக்கமாகக் கயிற்றோடு சேர்த்துப் படுக்கவைத்து, அதன் மேலேயே சுற்றத் தொடங்குங்கள். சுற்று நுனியை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் மிச்சமிருக்கும் தளர்ந்த உறையும் நுனிக்குத் தள்ளப்படும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி உட்கார வேண்டும், மேலேறக் கூடாது. மெழுகு நூலை வெறும் விரலால் இழுத்தால் தோலை அறுக்கும். ஒரு குச்சியில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு அந்தக் குச்சியைப் பிடித்து இழுங்கள். இறுக்கம் சரியாக இருந்தால் சுற்றிய இடம் கயிற்றுக்குள் சற்றே அமுங்கித் தெரியும்.

20 சுற்று முடியும்போது 1.6 செ.மீ. ஆகியிருக்கும். நுனிக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் தேவை. நுனியை ஒட்டியே சுற்றினால் நூல் வழுக்கி வெளியே போய்விடும்.

இப்போது பூட்டுத் தையல். சுற்றின் நுனிப்பக்க ஓரத்தில் ஊசியைக் குத்தி, கயிற்றின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெளியே எடுங்கள். நூலைச் சுற்றின் மேலாக நீளவாக்கில் கொண்டுபோய், உள்பக்க ஓரத்தில் குத்தி, இன்னொரு மூன்றில் ஒரு பங்கு தள்ளி எடுங்கள். அங்கிருந்து மறுபடி சுற்றின் மேலாக நுனிப்பக்க ஓரத்துக்கு. இப்படி முன்னும் பின்னும் போய், மூன்று இடத்திலும் இரண்டிரண்டு கோடுகள் விழும்வரை தொடருங்கள். ஒவ்வொரு குத்துக்குப் பின்னும் இழுத்து இறுக்குங்கள். கடைசியில் ஊசியைச் சுற்றுக்கு அடியில் இரண்டு முறை குறுக்கும் மறுக்குமாகக் குத்தி எடுத்து, நூலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். நறுக்கிய நூல்நுனியைச் சுடரில் காட்ட ஆசை வரும். வேண்டாம், பக்கத்துச் சுற்று அறுந்துபோகும். இனி டேப்பைப் பிரித்துவிடலாம்.

ஊசி இல்லாத இடத்தில் தற்காலிகமாக நூலை மடித்து ஒரு கண்ணி போட்டு, அதன் மேல் சுற்றி, முனையைக் கண்ணிக்குள் விட்டு, வாலை இழுத்துப் பாதி தூரம் சுற்றுக்குள் புதைக்கும் முறை உண்டு. ஒரு பயணத்துக்குத் தாங்கும். ஒரு சுற்று தேய்ந்து அறுந்தால் முழுதும் அவிழ்ந்துவிடும் என்பதால் வீடு திரும்பியதும் தைத்துவிடுங்கள்.

சுருங்கும் குழாய்

தைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாய். மூன்று மடங்கு சுருங்கும் வகையில், 10 மி.மீ. கயிற்றுக்கு 12 மி.மீ. உள்விட்டம் போதும். 3.5 செ.மீ. நீளம் வெட்டி, நுனியைத் தாண்டி 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டுங்கள். சுருங்கும்போது அந்த நீட்சி உள்ளே மடிந்து கூர் விளிம்பை மூடிக்கொள்ளும்.

சூடு ஹாட் ஏர் கன்னில் கொடுங்கள். நடுவில் தொடங்கி இரு பக்கமும் நகர்த்துங்கள், இல்லையென்றால் காற்றுக் குமிழ் உள்ளே மாட்டும். பாலியோலெஃபின் குழாய் 120 டிகிரி வாக்கில் முழுதாகச் சுருங்கிவிடும். நைலான் உருகும் சூட்டுக்கு அது எவ்வளவோ கீழே, ஆனால் கன்னின் வாயில் வரும் காற்று நைலானையே உருக்கும் அளவுக்குச் சூடு. ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. இரு ஓரங்களிலும் பசை மெல்லிய கோடாகக் கசிந்ததும் நிறுத்துங்கள்.

பசை இல்லாத சாதாரணக் குழாய் வழுக்கி உருவிக்கொண்டு வந்துவிடும், வாங்காதீர்கள். நீர்விலக்கிப் பூச்சு உள்ள கயிறுகளில் பசைகூடச் சரியாகப் பிடிக்காது. அங்கே குழாய்க்கு முன்னால் இரண்டு பூட்டுத் தையலாவது போட்டுவிடுவது நலம். தடித்த சுவருள்ள குழாய் சுருங்கியபின் விட்டத்தில் 2 மி.மீ.க்கும் மேல் கூட்டிவிடும். மெல்லிய சுவர் கிடைக்காவிட்டால் வெட்டும் கட்டத்திலேயே உறையைப் பின்னுக்குத் தள்ளி, உள்புரிகளில் இரண்டு மூன்றை மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாக்கிவிட்டு உறையைத் திரும்ப நீவி மூடி உருக்குங்கள். நுனி சற்றே ஒடுங்கும், குழாய் அதன் மேல் உட்கார்ந்தாலும் கயிற்றளவே இருக்கும்.

கண்ணாடிபோலத் தெளிந்த குழாய் கிடைத்தால் அதுவே மேல். அடியில் ஒரு காகிதத் துண்டில் புதிய நீளம், விட்டம், வெட்டிய தேதி, கயிற்றின் வகை எல்லாம் எழுதிச் சுற்றிவிடலாம். ஆலையிலிருந்து வந்த நுனிப் பட்டையில் இருந்த வகைக்குறி (ஒற்றையாகவே பயன்படும் தனிக்கயிறு என்றால் வட்டத்துக்குள் 1, இரண்டிரண்டாகப் பயன்படுத்துவதில் அரைக்கயிறு என்றால் வட்டத்துக்குள் ½, இரட்டைக்கயிறு என்றால் பின்னிய இரு வட்டங்கள்) வெட்டிய துண்டோடு போய்விடும். அதைத் திரும்ப எழுதிவைக்காவிட்டால் மெல்லிய அரைக்கயிற்றைத் தனிக்கயிறென்று யாராவது கட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. மார்க்கர் பேனாவால் உறையில் நேரே எழுத வேண்டாம். மையின் கரைப்பான் நைலானைப் பாதிக்கலாம் என்று பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏ-யே எச்சரித்திருக்கிறது.

மற்றவை சுருக்கமாக

தோய்த்தெடுக்கும் ரப்பர் திரவம்: நைலானுக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் சரி. 2 செ.மீ. தோய்த்து, காயவிட்டு, மீண்டும் ஒருமுறை. உள்ளே ஊறாமல் மேலே படலமாக நிற்கும் என்பதால் இது தையலுக்கு மேல்பூச்சாகத்தான் உருப்படி.

சூப்பர் குளூ: கல்லாக இறுகும். இறுகிய பகுதியும் மிருதுவான பகுதியும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு மடிப்பிலும் இழைகள் முறியும்.

டேப் மட்டும்: விளையாட்டு வீரர்கள் விரலில் சுற்றும் துணி டேப் நாள் கணக்கில் நிற்கும். பிவிசி டேப் வெயிலில் பசை வழிந்து, மண்ணை ஒட்டிக்கொண்டு, நுனிக்கு ஊர்ந்துபோய்க் கொத்தாக நிற்கும்.

டைனீமா, அராமிட் துணைக்கயிறுகள்

டைனீமா, அராமிட் என்ற வலிமை மிகுந்த செயற்கை இழைகளை உள்நாராகக் கொண்ட 5, 6 மி.மீ. துணைக்கயிறுகளில் மேலே சொன்னதெல்லாம் அப்படியே செல்லாது. டைனீமா சுமார் 145 முதல் 150 டிகிரியிலேயே உருகிவிடும்; நைலான் உறை உருகத் தொடங்குமுன் உள்ளே அது சுருண்டு ஓடிவிடும். அராமிட் உருகவே உருகாது, கருகும். சூட்டுக்கத்தியில் வெட்டினால் உறை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும், நடுவில் மஞ்சள் நார் தூரிகைபோல நீட்டிக்கொண்டு நிற்கும்.

இவற்றைக் கூர்மையான கத்தரியால் குளிராகவே வெட்டுங்கள். உறையை விரலால் பின்னுக்குச் சுருக்கி, வெளியே வரும் உள்நாரில் 8 முதல் 10 மி.மீ. நறுக்கிவிடுங்கள். உறையை மறுபடி நுனிக்கு நீவி நீட்டினால் கடைசி ஒரு சென்டிமீட்டரில் காலி உறை மட்டும் இருக்கும். அதைச் சுடரில் இளக்கி, ஈரக் கரண்டியால் தட்டையாக அழுத்தி மூடுங்கள். பெரிய கயிற்றில் தவறென்று சொன்ன காலி உறையை இங்கே வேண்டுமென்றே உண்டாக்குகிறோம், ஆனால் ஒரு சென்டிமீட்டர்தான், அதையும் முழுக்க உருக்கி அடைத்துவிடுகிறோம். அதற்குக் கீழே, உள்நார் தொடங்கும் இடத்தைத் தாண்டி, நாலு குத்துத் தையல் போட்டால் உள்நார் பின்வாங்காது. சுருங்கும் குழாயின் சூட்டைக் காட்டுவதென்றால் டைனீமாவில் மிகக் கவனம். தையலோடு நிறுத்திக்கொள்வதே மேல்.